விசில் யார் கையில்?
வாசகர் கேள்வி – பதில்: பாடசாலைக் கூடைப்பந்தாட்டம்

கேள்வி: என் பெறாமகன் அமெரிக்காவில் ஹைஸ்கூல் அணியில் விளையாடுகிறான். அங்கே மத்தியஸ்தரைப் பாடசாலை கூப்பிடுவதில்லை, வேறு யாரோ அனுப்புகிறார்கள் என்கிறான். அது எப்படி?
– வாசகர், உவர்மலை

பதில்: பெரும்பாலும் அவன் சொல்வதுதான் நடைமுறை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் பாடசாலை விளையாட்டுச் சங்கம் உண்டு. விசில் ஊத விரும்புபவர் அதில் பதிந்து, ஆண்டுக் கட்டணம் கட்டி, விதிப் பரீட்சை எழுதவேண்டும். பிறகு தன் பகுதி மத்தியஸ்தர் சங்கத்தில் சேர்ந்து வகுப்புக்கும் களப்பயிற்சிக்கும் போவார். முதல் வருடமே பெரிய போட்டி கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பு அணி, ஜூனியர் அணி என்று ஊதிப் பழகித்தான் பாடசாலையின் பிரதான அணிப் போட்டிக்கு வரலாம்.

ஆளை ஒதுக்குபவருக்கு 'அசைனர்' என்று பெயர். லீக்கில் உள்ள பாடசாலைகள் பருவம் தொடங்கும் முன்பே தங்கள் அட்டவணையை அவரிடம் கொடுத்துவிடும். மத்தியஸ்தர்கள் தங்களுக்கு வசதிப்படாத திகதிகளை இணையத்தில் அடைத்து வைப்பார்கள். ஆர்பிட்டர் என்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. மிச்சமுள்ள திகதிகளில் யார் எந்த ஆட்டத்துக்கு என்பதை அசைனர் தீர்மானிப்பார். அவர் பார்ப்பது போட்டியின் கனம், ஆளின் அனுபவம், பயணத் தூரம், அந்த அணியோடு உறவோ தொழிலோ உண்டா என்பது, அதே அணிக்கு அண்மையில் எத்தனை தரம் போயிருக்கிறார் என்பது. அழைப்பு வந்ததும் ஏற்கலாம், மறுக்கலாம். ஏற்றுவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிடுபவருக்கு அடுத்த மாத அழைப்புகள் குறையும்.

பருவ முடிவில் வரும் மாநில வெற்றிக்கிண்ணச் சுற்றுக்கு விதி வேறு. அதற்கு மாநிலச் சங்கமே ஆளைத் தெரிவுசெய்யும். பரீட்சைப் புள்ளி, அனுபவம், பயிற்றுநர்கள் இட்ட புள்ளி, கண்காணிப்பாளர் அறிக்கை ஆகியவற்றை மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். உதாரணமாக, இலினோய் மாநிலத்தில் பதிவு பெற்றவர், அங்கீகாரம் பெற்றவர், சான்று பெற்றவர் என்று மூன்று படிகள் உண்டு. இதில் பயிற்றுநர் புள்ளியைத்தான் நாம் கவனமாகப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. தோற்றவர் குறைத்துப் போடுவார், வென்றவர் அள்ளிப் போடுவார். வெளியாள் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய அறிக்கை இல்லாவிட்டால் அந்தப் புள்ளியை வைத்து ஆளை எடைபோட முடியாது.

ஆட்பற்றாக்குறையும் அங்கே உண்டு. 2018-19 பருவத்துக்குப் பின் எல்லா விளையாட்டுகளிலுமாகச் சுமார் 50,000 பாடசாலை மத்தியஸ்தர்கள் விலகினார்கள். பார்வையாளர் ஏசுவது இதற்குச் சொல்லப்படும் பெரிய காரணங்களில் ஒன்று.

கேள்வி: திருகோணமலையில் ஆறு பாடசாலைகள் சேர்ந்து ஒரு சுற்றுப்போட்டி வைக்கப்போகிறோம். ஊத வருபவர்கள் எல்லோரும் இந்தப் பாடசாலைகளின் பழைய மாணவர்களே. முறைப்பாடு வராமல் எப்படிப் பிரிப்பது?
– உடற்கல்வி ஆசிரியை, மூதூர்

பதில்: ஆடும் இரு அணிகளோடும் மத்தியஸ்தருக்கு எவ்விதத் தொடர்பும் இருக்கக்கூடாது என்பது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளன விதி. அதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் எங்கள் ஊரில் ஆளே மிஞ்சாது. ஆனபடியால் தொடர்பை இரண்டு வகையாகப் பிரியுங்கள். தற்போது அங்கே படிப்பிப்பவர், பயிற்றுவிப்பவர், பிள்ளையையோ சகோதரரின் பிள்ளையையோ அங்கே படிக்க விட்டிருப்பவர் ஆகியோருக்கு அந்த அணியின் ஆட்டம் எதுவும் வேண்டாம். வெறும் பழைய மாணவர் என்றால் லீக் ஆட்டத்தில் விடலாம். ஆனால் சோடியாக நிற்பவர் வேறு பாடசாலைக்காரராக இருக்கவேண்டும், இரு பயிற்றுநருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். அரையிறுதிக்கும் இறுதிக்கும் அவரும் வேண்டாம். மட்டக்களப்பிலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ ஆள் எடுங்கள். இரண்டு கிழமைக்கு முன் கடிதம் போகவேண்டும். பஸ் செலவும் இரவு தங்குமிடமும் வரவுசெலவில் முதலிலேயே இருக்கவேண்டும். பணம் மிஞ்சினால் பார்ப்போம் என்று விட்டால் கடைசியில் உள்ளூர்க்காரரையே நிறுத்த வேண்டிவரும்.

இதற்கு ஒரு தாள் போதும். ஒவ்வொரு மத்தியஸ்தரும் படித்த, படிப்பிக்கும், பயிற்றுவித்த, பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளைத் தானே எழுதிக் கையொப்பம் இடட்டும். பிறகு கேள்வி வந்தால் தாளைக் காட்டலாம்.

இனிக் கணக்கு. ஆறு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் 15 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இருவர் என்றால் 30 இடங்கள். நாளுக்கு மூன்று ஆட்டம் வைத்தால் அன்றைக்கு ஆறு இடம். மூன்று பேரை வைத்தும் ஒப்பேற்றலாம். ஆனால் ஒருவராவது இரண்டு ஆட்டத்தைத் தொடர்ந்து ஊதவேண்டிவரும். எங்கள் வெயிலில், திறந்த திடலில், இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கால் ஓடாது. பந்துக்குப் பின்னால் தங்கி நின்று தூரத்திலிருந்து பவுல் சொல்லுவார், அங்கேதான் வாக்குவாதம் தொடங்கும். நான்கு பேரை எடுங்கள். முதலாவதுக்கு ஒரு சோடி, இரண்டாவதுக்கு மற்றச் சோடி, மூன்றாவதுக்குத் திரும்பவும் முதல் சோடி. அடுத்த நாள் சோடிகளை மாற்றி விடுங்கள். ஓய்வில் இருப்பவர்கள் பதில் ஆளாகவும் நிற்பார்கள்.

சோடி சேர்க்கையில் மூத்தவரோடு புதியவரை விடுங்கள். இரண்டு புதியவர்களைச் சேர்த்தால் இருவருமே பந்தைப் பார்ப்பார்கள். பந்தில்லாத பக்கத்தில் பிடிப்பதும் தள்ளுவதும் தப்பிவிடும். இறுதிக்கு மூவர் நின்றால் அந்தப் பக்கத்துக்கும் கண் உண்டு. பெயர்ப்பட்டியலைப் போட்டியை நடத்தும் பாடசாலை தயாரிக்கக்கூடாது. விளையாடும் பிள்ளை இல்லாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்து, அவர் பெயரை எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வைப்பதென்றால் மழைக்கு மாற்றுத் திகதியையும் சேர்த்தே மத்தியஸ்தரிடம் கேட்டு வையுங்கள். நனைந்த சீமெந்துத் திடலில் ஊத ஒத்துக்கொள்ளும் ஆளை நாங்கள் நல்ல மத்தியஸ்தர் என்று சொல்லமாட்டோம்.

கேள்வி: எனக்கு 17 வயது. மத்தியஸ்தராக எங்கே தொடங்குவது?
– மாணவன், நிலாவெளி

பதில்: மேசையில் தொடங்குங்கள் தம்பி. புள்ளிப் பதிவாளர், உதவிப் பதிவாளர், நேரக்கணிப்பாளர், 24 செக்கன் மணிக்கூட்டுக்காரர் (பந்தை வைத்திருக்கும் அணி கூடைக்கு எறிய உள்ள நேரத்தைக் கணிப்பவர்) என்று நான்கு பேர் அங்கே இருப்பார்கள். எறிந்த பந்து வளையத்தில் பட்டு, எறிந்த அணியிடமே திரும்பினால் மணிக்கூட்டை 24 செக்கனுக்கு இல்லை, 14 செக்கனுக்கு வைக்கவேண்டும் என்பது கைக்குப் பழகவேண்டும். ஒரு கால்பகுதியில் ஓர் அணி நான்கு பவுல் செய்தபிறகு அடுத்து வரும் பவுலுக்கு எப்போது இரண்டு சுயாதீன எறிதல் என்பதும் பதிவுத் தாளில்தான் படியும். அடுத்து 16 வயதுக்குட்பட்டோரின் பயிற்சி ஆட்டங்களை ஊதுங்கள். உள்ளே குண்டு இல்லாத விசில் வாங்குங்கள். குண்டுள்ளது எச்சில் பட்டு அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு மத்தியஸ்தர் வேண்டாம் என்று எங்கள் பயிற்றுநர் சொல்ல முடியுமா?
– பெற்றோர், உப்புவெளி

பதில்: பட்டியல் வந்தவுடன், காரணத்தோடு, போட்டி அமைப்பாளரிடம் சொல்லலாம். திடலில் நின்று சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்தபின் ஆட்சேபிக்க வேண்டுமானால் 15 நிமிடத்துக்குள் பிரதான மத்தியஸ்தரிடம் அறிவிக்கவேண்டும். அதுவும் புள்ளிக் கணக்கு, நேரக் கணக்கு, 24 செக்கன் மணிக்கூடு, வீரரின் தகுதி போன்ற சில விடயங்களுக்கே பொருந்தும். 'அது பவுல் இல்லை' என்பது ஆட்சேபனைக்குள் வராது. மத்தியஸ்தர் ஒருவர் காயப்பட்டால் ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டம் மீண்டும் தொடங்கவேண்டும். தகுதியான பதில் ஆள் இல்லையென்றால் மற்றவர் தனியே ஊதி முடிப்பார்.