ஓடுகிற கதையில் ரூல்ஸை மாற்றலாமா? வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் பெங்களூரில் வார இறுதிகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் தமிழ்க் குழுக்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாதி ஒரே சண்டையைப் பற்றியவை: 2014 ரூல் புத்தகமா, 2024 ரூல் புத்தகமா. முதலாவது ஐந்தாம் எடிஷன், இரண்டாவது அதையே திருத்தி வந்தது. இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்லி, டைஸ் உருட்டி, விழுந்த எண்ணை வைத்து கதையைக் கொண்டுபோவார்கள். கேம்பெயின் என்பது அந்த நீண்ட கதை, சில குழுக்களில் வருடக்கணக்கில் ஓடும். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

அல்சூரில் நாங்கள் ஆறு பேர், சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறோம். ஒரே கேம்பெயின் இரண்டு வருடமாக ஓடுகிறது, என் கேரக்டர் ஒன்பதாவது லெவல் பாலடின், அதாவது தெய்வ சக்தியோடு போரிடும் வீரன். திடீரென்று எங்கள் டிஎம் "அடுத்த வாரத்துலேர்ந்து 2024 ரூல்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். வாள் அடியோடு நான் சேர்க்கிற தெய்வ அடியான ஸ்மைட் பாதியாகிவிட்டது. கேட்டால் "பவர் போச்சுன்னு அழறே" என்கிறான். நான் போவதையே நிறுத்திவிட்டேன். யார் பக்கம் நியாயம், அக்கா?
— பெயர் வேண்டாம், அல்சூர்

முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தப்பு. பவர் போச்சு என்று நீங்கள் அழவில்லை. 2014 புத்தகத்தில் பாலடினின் அடி விழுந்த பிறகு, விருப்பப்பட்டால் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது அளவாகக் கிடைக்கும் மந்திர வாய்ப்பு ஒன்றை, செலவழித்து ஸ்மைட் சேர்க்கலாம். ஒரு டர்னில் இரண்டு அடியும் விழுந்தால் இரண்டிலும் சேர்க்கலாம், எதிரி தப்பி ஓடும்போது, உங்கள் முறை இல்லாவிட்டாலும், ரியாக்‌ஷனில் அடிக்கிற அடியிலும் சேர்க்கலாம். 2024-ல் ஸ்மைட் ஒரு ஸ்பெல்லாகிவிட்டது, ஒரு டர்னில் ஒரு முறை மட்டும் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். அதனால் ஒரு டர்னுக்கு ஒன்றுதான், ரியாக்‌ஷனில் கிடையாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஸ்பெல் என்பதால் சத்தத்தையே அடக்கும் சைலன்ஸ் போட்ட இடத்தில் ஓடாது, எதிரி மந்திரவாதி கவுன்டர்ஸ்பெல் போட்டும் தடுக்கலாம். இரண்டு வருடம் "எல்லா ஸ்லாட்டையும் ஒரே மூச்சில் கொட்டி அரக்கனை வீழ்த்துகிறவன்" என்று ஒருவனை நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள், ஒவ்வொரு லெவலிலும் எதை எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்திருப்பீர்கள். அழித்து அழித்து எழுதி நைந்துபோன அந்த கேரக்டர் ஷீட்டில் இருப்பவன் இப்போது வேறு ஆள். வருத்தம் வராமல் எப்படி இருக்கும்?

புதிய புத்தகம் பாலடினை ஏமாற்றிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். கை வைத்துக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸ் முன்பு முழு ஆக்‌ஷனைத் தின்னும், இப்போது போனஸ் ஆக்‌ஷன். ஐந்தாவது லெவலில் குதிரை தானாக வந்துவிடுகிறது. வெப்பன் மாஸ்டரி என்று ஆயுதத்துக்கு ஆயுதம் தனி வித்தை சேர்ந்திருக்கிறது. புதிதாக ஒரு பாலடின் செய்தால் இது நல்ல கிளாஸ், அதாவது நல்ல கேரக்டர் வகை. உங்கள் பிரச்சினை, நீங்கள் புதிதாகச் செய்யவில்லை என்பதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுகிற கேம்பெயினில் எடிஷனை மாற்றுவதென்றால் மேஜையில் இருக்கும் எல்லோரும் சரி என்று சொல்ல வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் கதை பழைய ரூல்ஸிலேயே முடியட்டும். புதிய எடிஷன் புதிய கதையோடு வரட்டும். நம் வீடுகளில் தாயம் ஆடுவதைப் பாருங்கள், ஒரு வீட்டில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், இன்னொரு வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறங்கும், இரண்டும் சரிதான், ஆனால் பாதி ஆட்டத்தில் மாற்றினால் எந்தப் பாட்டியும் விடமாட்டார்.

இதையும் சொல்லியாக வேண்டும். போவதை நிறுத்தியது சரியில்லை. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் மேப் போட்டு, அரக்கர்களைத் தயார் செய்து, ஆறு பேர் கதையையும் மண்டையில் சுமப்பவர் டிஎம். அவருக்கு அரக்கர்களின் புத்தகமான புதிய மான்ஸ்டர் மேனுவல் வசதியாக இருக்கலாம், பழைய அரக்கர்கள் உயர் லெவலில் பொசுக்கென்று செத்துவிடுவது அலுத்துப்போயிருக்கலாம். அதைக் கேளுங்கள், நேரில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அரக்கர்கள் புதிய புத்தகத்திலிருந்து, கேரக்டர்கள் பழையதிலிருந்து என்று வைத்துக்கொண்டாலே அவர் குறை பாதி தீர்ந்துவிடும், அது நன்றாகவே ஓடும். இல்லையென்றால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, அதே கேரக்டர்களின் நகலை வைத்து ஒரே ஒரு சண்டை மட்டும் புதிய ரூல்ஸில் ஆடிப் பாருங்கள். ஆடிப் பார்த்தும் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் அந்த வார்த்தைக்கு எடை கூடும்.

நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு குழுவுக்கு டிஎம். இரண்டு பேரிடம் பழைய புத்தகம், மூன்று பேரிடம் புதியது. "ரெண்டும் ஒத்துப்போகும்னு கம்பெனியே சொல்லுது, அவங்கவங்க புத்தகத்த வெச்சு ஆடட்டுமே" என்கிறார்கள். விடலாமா?
— ஒயிட்ஃபீல்ட் டிஎம்

விடாதீர்கள். ஒத்துப்போகும் என்பது கதைப் புத்தகங்களுக்கும் அரக்கர்களுக்கும் உண்மை, 2014-க்குப் பிறகு வந்த பழைய கதைகளைப் புதிய ரூல்ஸில் தாராளமாக நடத்தலாம். ஆனால் ஒரே மேஜையில் ஒருவருடைய காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் ஸ்பெல் ஒரு எட்டு முக டைஸ், பக்கத்தில் இருப்பவருடையது இரண்டு என்றால் சண்டை வராமல் இருக்குமா? குணமாக்கும் மருந்தைக் குடிக்கப் பழையவருக்கு முழு ஆக்‌ஷன் போகிறது, புதியவர் போனஸ் ஆக்‌ஷனில் குடித்துவிட்டு வாளையும் வீசுகிறார்.

இதையெல்லாம்விடச் சிக்கலானது, வெளியே தெரியாமல் உடைகிற இடங்கள். பழைய புத்தகத்து அசாசினை, அதாவது மறைந்திருந்து கொல்லும் கேரக்டர் வகையை, எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி எதிர்பாராமல் மாட்டி சர்ப்ரைஸ் ஆகியிருந்தால், அசாசின் அடிக்கிற அடி தானாகவே கிரிட்டிகல், அதாவது சேதத்துக்கு இரட்டை டைஸ். அந்தப் புத்தகத்தில் சர்ப்ரைஸ் ஆனவர் முதல் டர்னில் அசையவே முடியாது. புதிய புத்தகத்தில் சர்ப்ரைஸ் என்றால் யாருக்கு முதல் முறை என்று பார்க்கும் இனிஷியேட்டிவ் உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்), அவ்வளவுதான், அதோடு முடிந்தது. அப்போது அந்த அசாசினுடைய முக்கிய வித்தை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நடுச்சண்டையில் இந்தக் கேள்வி வரும், எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனவே அடிப்படை ரூல்ஸ், ஸ்பெல், கிளாஸ் எல்லாம் ஒரே எடிஷன். எது என்று செஷனுக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். மற்றதிலிருந்து பிடித்த ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளலாம், நான் பழைய ரூல்ஸில் ஆடும்போதுகூட மருந்துக்குப் புதிய ரூல்தான், அது சண்டையை வேகப்படுத்துகிறது. எடுத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், நினைவில் மட்டும் வைத்திருந்தால் மூன்றாம் வாரம் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் இரண்டாம் எடிஷன் ஆடியவன் நான். இப்போது என் மருமகன் கூட்டத்தோடு உட்கார்ந்தால் தாக்கோ என்று சொன்னாலே சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஆட்டத்தில் கவனம் இருந்தது, ஆபத்து இருந்தது. இன்றைக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. நான் சொல்வது தவறா?
— ஜாலஹள்ளி வாசகர்

சிரிப்பவர்கள் ஒருமுறை தாக்கோவில் ஆடிப் பார்க்கட்டும் சார். தெரியாதவர்களுக்காக: ஆர்மர் கிளாஸ் என்பது ஒருவருடைய பாதுகாப்பு எண், தாக்கோ என்பது ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவரை அடிக்க இருபது முக டைஸில் விழ வேண்டிய எண். அந்த நாளில் ஆர்மர் கிளாஸ் 10-லிருந்து கீழே இறங்கும், எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம், மைனஸ் 10 வரை போகும். உங்கள் தாக்கோ 15, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 3 என்றால் கழித்து 12 உருட்ட வேண்டும், மைனஸ் 2 என்றால் 17. பழகிவிட்டால் கஷ்டமே இல்லை. ஆனாலும் 2000-ல் வந்த மூன்றாம் எடிஷன் இதைத் திருப்பிப்போட்டது நல்ல காரியம் என்பதே என் கருத்து. இருபது முக டைஸை உருட்டு, கூட்டு, எதிரியின் எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது. புதிதாக வருகிற பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் புரிகிறது.

ஆபத்து பற்றி நீங்கள் சொல்வது உண்மை. முதல் லெவல் மந்திரவாதி ஒரே அம்பில் செத்துவிடுவார், அதனாலேயே எல்லோரும் யோசித்து நடந்தார்கள். அந்த ருசிக்காகவே பழைய பாணி ரூல்ஸைத் தேடி ஆடுகிற இளைஞர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் "அன்றைக்கு எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்" என்று மட்டும் மருமகனிடம் சொல்லிவிடாதீர்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் முதல் பெட்டியை வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு எடிஷன் சண்டை இல்லாத தலைமுறையே கிடையாது. நீங்கள் நேசிக்கிற இரண்டாம் எடிஷன் 1989-ல் வந்தபோது அசாசின், மாங்க் கிளாஸ்களும் ஹாஃப்-ஆர்க் இனமும் முக்கியப் புத்தகத்திலிருந்து காணாமல் போயிருந்தன, டீமன்களும் டெவில்களும்கூட இல்லை, பிறகு வேறு பெயரில்தான் திரும்பி வந்தன, முதல் எடிஷன்காரர்கள் கொதித்துப்போனார்கள். 2000-ல் மூன்றாம் எடிஷன் வாங்கியவர்கள் 2003-லேயே அதன் திருத்தமான 3.5 வந்ததும் மறுபடி பணமா என்று கேட்டார்கள், அந்தக் கேள்வி நியாயமானது.

2008-ல் வந்த நான்காம் எடிஷன்தான் பெரிய பிளவு. எல்லா கிளாஸுக்கும் ஒரே மாதிரி பவர் அட்டவணை, இது டேபிளில் ஆடுகிற வீடியோ கேம் என்று ஒரு பெரும் கூட்டம் விலகியது. பைசோ என்ற நிறுவனம் 3.5 ரூல்ஸை அடிப்படையாக வைத்து 2009-ல் பாத்ஃபைண்டரைக் கொண்டுவந்தது, விலகியவர்கள் அங்கே போனார்கள். அந்தக் காலத்தில் நான்காம் எடிஷன் பிடிக்கும் என்று சொன்னவர்களை மற்றவர்கள் நடத்திய விதம் இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. திட்டித் தீர்த்த அதே எடிஷனில் இருந்த "பிளடீட்", அதாவது உயிர்ப் புள்ளிகள் பாதியாகக் குறைந்த நிலை, 2024 புத்தகத்தில் திரும்ப வந்திருக்கிறது, இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது.

மருமகன் கூட்டத்துக்கு நீங்களே ஒரு நாள் டிஎம்மாக உட்காருங்கள் சார். இரண்டாம் எடிஷன், முதல் லெவல், ஒரே இரவு.

ஐந்தாம் எடிஷன் மூன்று புத்தகமும் பையன் ஏற்கெனவே வாங்கிவிட்டான். இப்போது மறுபடி மூன்று வேண்டுமாம். கட்டாயமா?
— ஓர் அம்மா, கே.ஆர். புரம்

கட்டாயமே இல்லை. வெளிவந்தபோது அமெரிக்காவில் ஒரு புத்தகம் சுமார் 50 டாலர், மூன்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படை ரூல்ஸ் அடங்கிய எஸ்ஆர்டி 5.1-ம், 2024 ரூல்ஸுக்கான எஸ்ஆர்டி 5.2-ம் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன, சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. இருக்கிற புத்தகத்தில் ஆடட்டும். குழு முழுக்க மாறினால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்று போதும், அதையும் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். மற்ற இரண்டும் டிஎம்முக்கு.

எல்லாம் பணத்துக்காகத்தானே? புதிய எடிஷனைப் புறக்கணிப்பதுதான் சரி என்கிறேன், நண்பர்கள் கேட்க மறுக்கிறார்கள்.
— இந்திராநகர் வாசகர்

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2000-லிருந்து, இந்த ரூல்ஸை வைத்து மற்றவர்களும் புத்தகம் வெளியிட அனுமதிக்கும் ஓஜிஎல் என்ற உரிமத்தை நம்பி எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் பிழைத்தார்கள், 2023 ஜனவரியில் அதை மாற்றப்போகும் வரைவு கசிந்தது, ரசிகர்கள் கொந்தளித்தார்கள், அதே மாதம் 27-ம் தேதி இந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பின்வாங்கி எஸ்ஆர்டி 5.1-ஐ யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. 2024 ஆகஸ்டில் இன்னொன்று: கம்பெனியின் இணையதளமான டி அண்ட் டி பியாண்டில் பழைய கேரக்டர் ஷீட்டில் இருக்கும் ஸ்பெல்களெல்லாம் புதிய வடிவத்துக்கு மாறிவிடும் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கியது நம் கையை விட்டுப் போகும் என்கிற பயம் கற்பனை இல்லை, அச்சுப் புத்தகத்தை நான் விடாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ரசிகர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான் இரண்டு முறையும் கம்பெனி பின்வாங்கியது. ஆகவே கம்பெனியிடம் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள், வாங்காமலும் இருங்கள். ஆனால் புதிய புத்தகம் வாங்கிய நண்பனை மேஜையில் வைத்து நியாயம் கேட்காதீர்கள். அவன் சம்பாதித்த காசில் தனக்குப் பிடித்ததை வாங்கியிருக்கிறான், கசிந்த வரைவை அவன் எழுதவில்லை.

ஃப்ரேசர் டவுனில் என் சித்தப்பா பெண்கள் இரண்டு பேர், அலுவலகத்தில் ஒரு கன்னடத் தோழி, ஒரு மலையாளி. யாரும் இதுவரை ஆடியதில்லை. எந்த எடிஷனில் ஆரம்பிக்கலாம்?
— ஃப்ரேசர் டவுன் வாசகி

உங்களில் யாருக்காவது சொல்லித்தர ஆள் கிடைத்தால் அவருக்குத் தெரிந்த எடிஷன். யாரும் கிடைக்கவில்லை என்றால் 2024, இலவச ரூல்ஸே போதும், கடையில் கேட்டாலும் அந்தப் புத்தகங்கள்தான் இனி சுலபமாகக் கிடைக்கும். முதல் லெவலில் தொடங்கி ஒரே உட்காரலில் முடிகிற சின்னக் கதையாக எடுங்கள். மேஜையில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடட்டும், எங்கள் குழுவில் கோப்ளின் ராஜா கன்னடத்தில்தான் மிரட்டுவார், கேட்கவே நன்றாக இருக்கும். ஒரு செட் டைஸ் ஆளுக்கொன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இரண்டு செட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். சண்டைக் காட்சி நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் இழுக்கும், அதனால் மாலை நான்கு மணிக்கே உட்காருங்கள், மலையாளித் தோழி கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டியவர் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே.