ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனத்தில் இருக்கும் சின்ன ஊர்களில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

மாட்டுப் பண்ணைகளை நம்பி இருக்கும் ஊர் ஒரு ரகம், சுரங்க ஊர் இன்னொரு ரகம். நான் அடிலெய்டில் இருப்பவன். எனக்குப் பழக்கமான கூபர் பீடி என்ற சுரங்க ஊரை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 850 கி.மீ. காரில் போனால் ஒரு முழுப் பகல் போய்விடும். ஊர் நெருங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் வீடுகள் இல்லை, சாலையின் இருபுறமும் தெரியும் வெளிறிய மண்குவியல்கள்தான். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு குழி. 1915-இல் தங்கம் தேடி வந்த ஒரு குழுவில் வில்லி ஹட்சிசன் என்று 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் கண்ணில் பட்டது ஓபல் என்ற ரத்தினக் கல். அன்று தோண்ட ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. பழைய குழிகள் பலவும் திறந்தே கிடக்கின்றன. 'ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே' என்று படம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கிறேன் என்று இரண்டு அடி பின்னால் போனால் முடிந்தது கதை.

ஊரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் நிலத்துக்கு அடியில் வாழ்கிறார்கள் என்பதைத்தான் எல்லா வீடியோவிலும் காட்டுவார்கள். பாதாளக் குகை என்று கற்பனை பண்ண வேண்டாம். குன்றின் பக்கவாட்டில் கதவு வைத்து உள்ளே குடைந்த வீடு, அவ்வளவுதான். 'டக்அவுட்' என்பார்கள். வெளியே கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். உள்ளே ஏசி இல்லாமலே வருடம் முழுக்க 23, 24 டிகிரி. சுவரில் இயந்திரப் பற்கள் சுரண்டிய வளைவு வளைவான தடங்கள் அப்படியே இருக்கும், மண் உதிராமல் இருக்க மேலே பசை மாதிரி ஒரு பூச்சு. பின்னறைகளில் ஜன்னல் கிடையாது. காற்றுக்குக் கூரை வழியாக மேலே ஒரு குழாய். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது. காலை எட்டு மணிக்கு நள்ளிரவு என்று நினைத்துத் திரும்பிப் படுப்பீர்கள். செர்பியர்கள் கட்டிய (கட்டிய என்பதா, குடைந்த என்பதா!) ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் பூமிக்குள்தான்.

என்னைக் கேட்டால், அந்த ஊரின் குணம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் எடுக்கும் சுரங்கப் பாத்தியதையின் (தோண்டுவதற்கு உரிமை பெற்ற நிலத்துண்டின்) பரப்பு மிகச் சிறியது. நீளம் 100 மீட்டர், அகலம் 50 மீட்டர் என்ற அளவில். பெரிய கம்பெனிகளுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் தனி ஆட்களும் இரண்டு மூன்று கூட்டாளிகளும்தான் தோண்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கர், செர்பியர், குரோவேஷியர், இத்தாலியர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். ஊரே ஆயிரத்தைந்நூறு பேர் சொச்சம்தான். யார் வீட்டு நாய் எது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாருக்கு எவ்வளவு கல் கிடைத்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பல வருடமாகத் தோண்டும் ஒரு கிரேக்கப் பெரியவரிடம் நான் வெகுளியாகக் கேட்டேன். "டீசலுக்குக் காணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வண்டி புதுசு.

ஊர் எல்லைக்குள் சுரங்கம் தோண்டத் தடை உண்டு. ஆனால் வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதை யார் தடுப்பது? அப்படி அறை குடையப் போய்க் கல் கிடைத்த கதைகள் நிறைய. தனியாக வாழ்பவர் வீட்டில் எதற்கு இத்தனை அறை என்று நாகரிகம் கருதி யாரும் கேட்பதில்லை.

கஷ்டங்களும் இருக்கின்றன. தண்ணீர் ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உப்பாக வருகிறது. அதைச் சுத்திகரித்துத்தான் குடிக்க வேண்டும். அவசர நோயாளி என்றால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானத்தில் பெரிய ஊருக்குக் கொண்டு போக வேண்டும். கோல்ஃப் மைதானத்தில் ஒரு புல் கூட இல்லை. ஆடுபவர் ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைக் கையோடு எடுத்துப் போகிறார்.

இன்னொன்று. கூபர் பீடி ஆளில்லாத வெறும் நிலமாக இருந்து 1915-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்பது போல எழுதுகிறார்கள். அந்தகிரிஞ்சா என்ற பழங்குடி மக்களின் நிலம் அது. 2011-இல் நீதிமன்றமே அவர்களின் பூர்வீக உரிமையை ஏற்றது. ஊருக்கு அருகிலேயே உமூனா என்ற அவர்களின் குடியிருப்பு இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

போக நினைத்தால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள், இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். மாலை ஆனதும் வண்டி ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும்.