சைக்கிளை நிறுத்தினால் வலியும் நிற்கிறது: வாயுவா, இதயமா?

கேள்வி: எனக்கு வயது 47. கோவையில் வசிக்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. நான்கு மாதத்துக்கு முன் சிகரெட்டை விட்டுவிட்டு, தினமும் காலை ஐந்தரை மணிக்கு உக்கடத்திலிருந்து பேரூர் வரை சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். ஆடி பிறந்ததிலிருந்து, மூன்று வாரமாக, போகும்போது நடுநெஞ்சை இறுக்குகிறது. இடது தாடை வரை ஒரு கனம் ஏறுகிறது. இறங்கி இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்ததில் நார்மல். வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இதயக் கோளாறு என்றால் திரும்பும்போதும் வலிக்க வேண்டுமே? சைக்கிளைத் தொடரலாமா? எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

மருத்துவர் பதில்:

பரிசோதனை முடியும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் அல்ல இது. காரணத்தைச் சொல்கிறேன்.

‘நின்றால் போய்விடுகிறது’ என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கவலை தருவது அந்த வரிதான். நெஞ்சுவலியோடு வருபவரிடம் நாங்கள் கேட்பவை மூன்று. நெஞ்சிலோ கழுத்து, தாடை, தோள், கையிலோ இறுக்கமாக, பாரமாக இருக்கிறதா? உடல் உழைப்பின்போது வருகிறதா? ஓய்வெடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது ஆஞ்சைனா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி, என்று வைத்துக்கொண்டுதான் மேலே போவோம். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

திரும்பும்போது வலிக்காததற்குக் காரணம் ஆடிக்காற்று. இந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. பேரூர் போகும்போது அது உங்கள் முகத்தில் அடிக்கிறது, திரும்பும்போது முதுகைத் தள்ளுகிறது. நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓட்டுகிறீர்கள், காற்று 15 கிலோமீட்டரில் எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 33. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், காற்றில்லாத நாளைவிட அது மூன்று மடங்குக்கும் மேல். திரும்பும்போது மோதுவது வெறும் 3 கிலோமீட்டர் வேகக் காற்று. அதே சாலை, அதே வேகம்தான். ஆனால் இதயம் செய்யும் வேலை இரண்டு திசையிலும் ஒன்றல்ல. போதாததற்கு, விடிகாலைக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் சற்று உயர்கிறது. உடல் சூடேறாத முதல் பத்து நிமிடத்தில் வலி வருவதும், கொஞ்ச நேரம் போனபின் அதே வேகத்தில் வராமல் இருப்பதும் ஆஞ்சைனாவில் வழக்கம்.

இ.சி.ஜி. நார்மல் என்பதும் இப்படித்தான். வாய்க்காலில் பாதிக்கு மேல் மண் தூர்ந்திருந்தாலும் ஒரு பாத்திக்குத் தண்ணீர் போதும். நான்கு பாத்திக்கும் ஒரே நேரத்தில் மடை திறந்தால்தான் பற்றாக்குறை தெரியும். இதய ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைபட்டிருந்தாலும், கட்டிலில் படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். எடுத்த அந்தப் பத்து விநாடியில் வலி இல்லை, மாற்றமும் இல்லை. அந்தத் தாள் சொல்வது அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் வலியே இல்லையே என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு விதமாக விளக்கம் சொல்லலாம். பழைய அடைப்பு ஒன்று, காற்றின் சுமை கூடியதும் வெளிப்பட்டிருக்கலாம். அல்லது குழாய்க்குள் இருந்த கொழுப்புப் படிவு அண்மையில் கீறிப் பெரிதாகியிருக்கலாம். இரண்டாவது என்றால் அது எந்த நாளும் முழு அடைப்பாக மாறலாம். வீட்டில் உட்கார்ந்து இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. புதிதாகத் தொடங்கிச் சில வாரமே ஆன ஆஞ்சைனாவை நாங்கள் ‘நிலையானது’ என்ற கணக்கில் சேர்க்காததும், உங்களை அவசரப்படுத்துவதும் இதனால்தான்.

சைக்கிளில் வரும் எல்லா நெஞ்சுவலியும் இதயத்திலிருந்து வருவதல்ல. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பில் வீக்கம் இருந்தால், அந்த இடத்தை விரலால் அழுத்தும்போது ‘ஆ’ என்று கத்த வைக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்து, முழங்கையை விறைப்பாக வைத்து ஓட்டுபவர்களுக்கு மார்புத் தசை வலிக்கும். அது சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் இருக்கும், கையைச் சுழற்றினால் கூடும். சாப்பிட்டுவிட்டுக் குனிந்து ஓட்டினால் அமிலம் மேலேறி எரியும். ஆஸ்துமாவில் இறுக்கத்தோடு இருமலும் வீசிங்கும் வரும், பலருக்கு ஓட்டி நிறுத்திய சில நிமிடத்தில்தான் அதிகமாகும். நோயாளி வலியைக் காட்டும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒற்றை விரலால் ‘இங்கே’ என்று தொட்டுக் காட்டினால் பெரும்பாலும் தசையோ எலும்போதான். உள்ளங்கையையோ மூடிய கையையோ நடுநெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டினால் இதயத்தைத் தேட வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதும் அசாதாரணக் களைப்பும் மட்டுமே அறிகுறியாக இருப்பதுண்டு. அவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி முதலில் வந்த தேதி, புறப்பட்டு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, நின்றபின் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, மாடிப்படி ஏறும்போது வருகிறதா, முதல் வாரத்தைவிட இப்போது குறைந்த உழைப்பிலேயே வருகிறதா. இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அப்பாவுக்கு 52 வயதில் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் அது தனி ஆபத்துக் காரணி. பழைய இ.சி.ஜி. தாளையும் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இரண்டு கையிலும் ரத்த அழுத்தம், இன்னொரு இ.சி.ஜி., ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டு, இவ்வளவும் முதல் நாளே முடிந்துவிடும். ரத்தச்சோகையும் தைராய்டு மிகுதியும் இதயத்தை அதிகம் உழைக்க வைத்து ஆஞ்சைனாவைக் கிளப்பிவிடும் என்பதால் அவற்றை விடக்கூடாது. பிறகு எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன். இதயம் சுருங்கும் திறன், சுவர்களின் அசைவு, வால்வுகள் எல்லாம் அதில் தெரியும். பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தாலும் இதே மாதிரி வலி வரும். அது கடுமையாக இருப்பவரை டி.எம்.டி. என்னும் ட்ரெட்மில் சோதனைக்கு எந்திரத்தில் ஏற்றினால் மயங்கி விழலாம். அதனால்தான் எக்கோவை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

டி.எம்.டி. என்பது ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இ.சி.ஜி. எடுப்பது. மார்பில் முடியை மழித்து, ஸ்பிரிட் தேய்த்து, பத்து மின்முனைகளை ஒட்டுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். மூன்றாம் கட்டத்துக்கு வரும்போது 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை இதயத்துடிப்பு உயர வேண்டும். உங்களுக்கு அது நிமிடத்துக்கு 147. நடுவில் இறுக்கம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். எந்த நிமிடத்தில், எந்தத் துடிப்பில் வலி வந்தது என்பதே சோதனையின் முக்கால் பங்கு பலன். ஆனால் டி.எம்.டி. அடைப்பு உள்ள மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவரைத் தவறவிடும். குறைந்த உழைப்பிலோ ஓய்விலோ வலி வரத் தொடங்கியவர்களுக்கு அதைச் செய்யவே கூடாது.

உங்கள் அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருப்பதால், மருத்துவர் டி.எம்.டி.யைத் தாண்டி நேராக, இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமோ, கை மணிக்கட்டு வழியாகச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோகிராமோ சொன்னால் அது பணம் பிடுங்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். சி.டி.க்குத் துடிப்பு 60-65-க்குள் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். அன்று காபி, டீ வேண்டாம். துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவார்கள். ஊசியில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவது இயல்பு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையில் ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, உட்கார்ந்து ஐந்து நிமிடமாகியும் அடங்காவிட்டாலோ, வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். சோடா, ஓமவாட்டர் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் புண்ணோ இல்லையென்றால் 300 மி.கி. அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மருத்துவமனையில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முதல் மணிகளில் நார்மலாக இருக்கலாம், சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன.

அடைப்பு உறுதியானாலும் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவைப்படாது. நிலையான ஆஞ்சைனா உள்ளவர்களில், இடது பிரதானக் குழாயில் அடைப்பு இல்லாதபோது, முதலில் முறையான மருந்தோடு தொடங்கியவர்களின் ஆயுள் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் முதலிலேயே செய்தவர்களின் ஆயுளைவிடக் குறையவில்லை என்று 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு காட்டியது. வலி தொல்லை குறைவதில் ஸ்டென்டுக்குப் பலன் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். எதுவானாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டிவரும். அடைப்பு உள்ளவர்களுக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும். ‘கொழுப்பு குறைந்துவிட்டது’ என்று தானாக நிறுத்துவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. வலியைத் தணிக்க நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றால் அழுத்தம் இறங்கி விழுவீர்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரம் சார்பிட்ரேட்டை வைக்கவே கூடாது. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நல்ல பழக்கத்துக்கு மாறியதும் இப்படி வந்துவிட்டதே என்று உங்கள் கடிதம் முழுக்க ஒரு வேதனை தெரிகிறது. படிவு இருபது வருடமாகச் சேர்ந்திருக்கும். சைக்கிள் அதை உண்டாக்கவில்லை, மாரடைப்பு வரும் முன்பே காட்டிக்கொடுத்திருக்கிறது. சிகரெட்டை விட்டதை எக்காரணத்தாலும் கைவிடாதீர்கள். விட்டு ஓராண்டு தாண்டும்போது சிகரெட்டால் வந்த கூடுதல் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிவிடும். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வர வேண்டும். உணவில் கிராம் கணக்குப் பார்ப்பதைவிட மளிகைக் கணக்குப் பார்ப்பது எளிது. நான்கு பேர் வீட்டில் ஒரு மாதத்துக்கு உப்பு 600 கிராம், எண்ணெய் 2 லிட்டர். ஊறுகாய், அப்பளம், கருவாடு உப்பு அந்த 600-க்குள் அடக்கம். அரை மணி நேர மிதமான சைக்கிளில் உங்கள் எடைக்குச் செலவாவது சுமார் 250 கலோரி, வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மருத்துவர் அனுமதித்தபின் சைக்கிளுக்குத் திரும்பலாம், திரும்பவும் வேண்டும். டி.எம்.டி.யில் வலியோ மாற்றமோ வந்த துடிப்பிலிருந்து பத்தைக் கழித்து, அதைத் தாண்டாமல் ஓட்டுங்கள். 120-இல் வலி என்றால் உங்கள் எல்லை 110. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுக்கும்போது 220 கணக்கு பொருந்தாது. முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக, கடைசி ஐந்து நிமிடமும் அப்படியே. கியர் இருந்தால் இலேசானதில் போட்டு மிதியுங்கள். தொடக்க வாரங்களில் தனியாகப் போகாமல், பெரியகுளக் கரை போன்ற சமதளத்தில், வெயில் சற்று ஏறியபின் ஓட்டுங்கள். காற்று எதிரே வந்தால் வேகத்தைக் குறையுங்கள், வழக்கமான நேரத்துக்குள் பேரூர் போய்ச் சேர வேண்டும் என்று மிதிக்காதீர்கள். சார்பிட்ரேட்டை சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் வைக்காமல், கை உடனே எட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.