பீட்ரூட் பொடியும் நுரைக்கும் சிறுநீரும்

கேள்வி: எனக்கு வயது 58. மொரீசியசில் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் மூன்று வாயுக்கள் குறைவதால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்து, இரண்டு மாதமாகப் பீட்ரூட் பொடி, ஆர்ஜினின் தூள், பூண்டு மாத்திரை ஆகியவற்றை எடுத்துவருகிறேன். அதனால் இரத்த அழுத்தத்துக்கான பெரிண்டோப்ரில் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். வயிற்றில் வாயு அதிகமாகிவிட்டது. சிறுநீர் சில நாள் சிவப்பாகவும் சில நாள் நாற்றத்துடனும் போகிறது; காலையில் நுரைக்கிறது. முழங்கால் வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடுகிறேன். சென்ற மாதம் கிரியாட்டினின் 98 மைக்ரோமோல். அக்கா மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸில் இருக்கிறார். நான் செய்வது சரிதானா, டாக்டர்?

பதில்: அம்மா, அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் அச்சம். அதற்கு விடை சொல்லக்கூடியது நீங்கள் இடையில் போகிற போக்கில் எழுதிய அந்த நுரைதான். ஆகவே அதைப் பற்றி முதலில் பேசுகிறேன்.

வேகமாக விழும் சிறுநீர் யாருக்கும் சற்று நுரைக்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நிற்பதும், தண்ணீர் ஊற்றிய பின்னும் ஒட்டிக்கொண்டிருப்பதும், நாள்தோறும் வருவதுமான நுரை, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்து அவற்றின் சுவரை ஆண்டுக்கணக்கில் அரித்த பிறகுதான், உடல் விட்டுக்கொடுக்கக் கூடாத அந்தப் புரதம் வெளியேறத் தொடங்கும். அப்போது வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின்கூட இரத்தத்தில் ஏறாமல் இருக்கலாம். உங்கள் 98 என்பது இந்த வயதுப் பெண்ணுக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 மில்லிலிட்டர் என்று கணக்காகிறது. 60-க்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்போம். ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு உங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்ட மாட்டேன். பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் இந்தத் தீவில், மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் கிரியாட்டினின் தாளைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவருகிறார்கள். சிறுநீரில் அல்புமின் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள்.

இனி வாயுக்கள். காணொளி சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்தானது. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரித்துக் குழாயைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் சிறுநீரகத்துக்கு அந்தத் தளர்வு மிகவும் தேவை. இரத்தச் சிவப்பணுவில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்னும் பகுதி சிதையும்போது கார்பன் மோனாக்சைடும், சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடும் நம் உடலுக்குள்ளேயே மிகச் சிறு அளவில் உண்டாகி, செய்தி சொல்லும் வேலையைச் செய்கின்றன. மூடிய அறையில் கரிப்புகையாகவும் கழிவுநீர்க் குழியில் விஷவாயுவாகவும் ஆளைக் கொல்பவையும் இவைதாம் என்பதைக் காணொளிக்காரர் சொல்ல மறந்துவிட்டார் போலும். உங்கள் வயிற்றில் இருப்பது குடலில் உண்டாகும் சாதாரண வாயு, காணொளி சொன்ன அந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூண்டு மாத்திரையை நிறுத்துங்கள், பெரும்பாலும் அதுவும் நாற்றமும் போய்விடும். சிவப்பு நிறம் பெரும்பாலும் பீட்ரூட்டுடையது. பீட்ரூட்டை விட்ட பின்னும் சிவந்தால் மட்டும் சொல்லுங்கள்.

நைட்ரிக் ஆக்சைடு தோன்றிய சில நொடிகளில் அழிந்துவிடும். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் கணத்தில் செய்யப்பட வேண்டிய அதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது என்பதால் ஆர்ஜினினை, அதாவது மூலப்பொருளை, விற்கிறார்கள். அந்த ஆர்ஜினினை உடலுக்குச் செய்து தருவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்கே உரியது. சர்க்கரை நோயில் குறைவது மூலப்பொருள் மட்டுமன்று. மிகுந்த சர்க்கரையால் பெருகும் ஆக்சிஜன் கழிவுகள் உண்டான நைட்ரிக் ஆக்சைடை உடனே விழுங்கிவிடுகின்றன, சிறுநீரகம் நலியும்போது இரத்தத்தில் தேங்கும் வேறொரு பொருள் அதைச் செய்யும் நொதியையே தடுக்கிறது. அணைந்த அடுப்பில் விறகை அடுக்கி என்ன பயன்? பயனில்லை என்றால்கூட விட்டுவிடலாம். முதல் மாரடைப்பு கண்ட 153 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு 2006-இல் முடிவு வெளியானது. உங்களுக்கு மாரடைப்பு வந்ததில்லை என்பது உண்மை. ஆனாலும் உணவுப்பொருள்தானே என்று அலட்சியமாகக் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பொருளன்று அது.

பீட்ரூட்டின் நைட்ரேட்டை நம் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றித் தர, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி அழுத்தம் சிறிது குறைவது மெய். ஆயினும் பீட்ரூட்டில் பொட்டாசியமும், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் மிகுதி. பெரிண்டோப்ரில் பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மருந்து. தளர்ந்த சிறுநீரகமும் அதைத் தங்கவைக்கும். எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது பொட்டாசியம். பொரியலாக வாரம் ஒருமுறை சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை. பொடியை இன்றே நிறுத்திவிட்டு, பொட்டாசியத்துக்கு இரத்தம் கொடுங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது மாத்திரையைப் பாதியாக்கியதுதான். பெரிண்டோப்ரில் வடிகட்டியின் உள்ளழுத்தத்தைத் தணித்துப் புரதக் கசிவைக் குறைக்கிறது. அதோடு பிராடிகைனின் என்னும் பொருள் சிதையாமல் காத்து, அதன் வழியே இரத்தக் குழாய்ச் சுவரை நைட்ரிக் ஆக்சைடு செய்யவும் தூண்டுகிறது. நீங்கள் காசு கொடுத்துத் தேடிய வாயுவை அரசு மருத்துவமனை இலவசமாகக் கொடுத்த மாத்திரை தந்துகொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டுப் பொடி வாங்கியிருக்கிறீர்கள்! அதற்கு மேல் டைக்ளோஃபெனாக் வேறு. பெரிண்டோப்ரிலோடு அது சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். நீர் பிரியும் மாத்திரையும் உடன் இருந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்குப் பராசிட்டமால், அல்லது தடவும் களிம்பு. அவை போதாவிட்டால் என்னிடம் வாருங்கள், மருந்துக் கடைக்காரரிடம் போகாதீர்கள்.

இந்த வாரமே அழுத்தத்தை அளந்து, பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்த பிறகு, பாதியாக்கிய பெரிண்டோப்ரிலை மருத்துவர் சொல்லும் அளவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதே நாளில் காலையின் முதல் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கேளுங்கள். மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் நுரையை மறந்துவிடலாம். அதற்கு மேல் வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால் கசிவு உறுதி, அந்த நிலையில் பிடித்தால் அதை மட்டுப்படுத்த இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. காய்ச்சலோ நீர்க்கடுப்போ உள்ளபோதும், காவடிக்கு விரதமிருந்து வெயிலில் நடந்த மறுநாளும் சோதனைக்குக் கொடுக்காதீர்கள், அளவு பொய்யாகக் கூடும். நுரையோடு கணுக்கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, சோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது அந்த மூன்று டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.