சுக்கு டீயும் நெஞ்செரிச்சலும்

தினமும் வெறும் வயிற்றில் சுக்கு, மிளகு போட்ட டீ குடிக்கிறேன், நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். இரண்டுமே உஷ்ணம். சளி கட்டியவருக்குச் சரி, பித்தம் ஏறிய உடம்புக்கு ஆகாது.

உங்களுக்குப் பொருந்துவது கொத்தமல்லி விதை. ஒன்றிரண்டாக இடித்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி அப்படியே குடிக்கலாம். கொதிக்க வைக்க வேண்டாம். ஆயுர்வேதத்தில் இந்தக் குளிர்ந்த ஊறலுக்கு ஹிமம் என்று பெயர். சாப்பாட்டுக்குப் பிறகு சோம்புத் தண்ணீர் போதும்.

அதிமதுரமும் குளிர்ச்சிதான். ஆனால் இரத்த அழுத்தம் இருந்தால் தொடவே தொடாதீர்கள், அதை இன்னும் ஏற்றிவிடும். அப்புறம், விழுங்கும்போது வலித்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ டீயை மாற்றிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.