முதியோர் இல்லத்தில் சிரங்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

முதியோர் இல்லங்களில் பரவும் சிரங்கு (ஸ்கேபிஸ், மிகச் சிறிய பூச்சி தோலுக்குள் குடைவதால் வரும் அரிப்பு நோய்) பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அம்மா இருக்கும் இல்லத்தில் ஆறு பேருக்கு அரிப்பு, ராத்திரி தூக்கமே இல்லை. வயசானால் தோல் வறளும் என்று களிம்பு கொடுத்துவிட்டார்கள். சிரங்காக இருக்குமா?

ஒரே இடத்தில் ஆறு பேருக்கு, அதுவும் ராத்திரியில் கூடும் அரிப்பு என்றால் முதலில் சிரங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். டார்ச் அடித்து விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு எல்லாம் பாருங்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகும் பிட்டமும் முக்கியம். முடி போல மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் வளைந்த கோடு தெரிந்தால் அது பூச்சி தோலுக்குள் குடைந்து போன தடம். கொடுத்த களிம்பு ஸ்டீராய்டா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு அரிப்பைக் கொஞ்சம் அடக்கும், பூச்சியைக் கொல்லாது, நோயை மறைத்துவிடும்.

சரியாகக் குளிப்பாட்டாததால் வந்ததா?

இல்லை. தினமும் குளிப்பவருக்கும் வரும். கை பிடித்து நடத்துவது, தூக்கி உட்கார வைப்பது, உடம்பு துடைத்துவிடுவது என்று தோலோடு தோல் படும் எல்லா வேலையிலும் பரவும். தயவுசெய்து பாட்டியையோ ஆயாவையோ குறை சொல்லாதீர்கள், பயந்தால் மறைப்பார்கள், மறைத்தால் இன்னும் பரவும்.

அரிப்பு இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து தடவினோம். ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

அரிப்பு இருந்தவர்களுக்கு மட்டும் தடவியதுதான் காரணமாக இருக்கும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதுவரை அவர் நன்றாகத்தான் இருப்பார், ஆனால் பரப்பிக்கொண்டிருப்பார். அதனால் தங்கியிருப்பவர்கள், ஆயா, நர்ஸ், அடிக்கடி வந்து தொட்டுப் பேசும் வீட்டார் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து. இதில் ஒருவர் விடுபட்டாலும் மறுபடி முதலிலிருந்து.

வழக்கமாகத் தருவது பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். கழுத்துக்குக் கீழே தடவினால் போதும் என்று சொல்வார்கள், வயதானவர்களுக்கு அது போதாது. தலை, காது மடலுக்குப் பின்னால், முகம் (கண்ணும் வாயும் தவிர), நக இடுக்கு வரை தடவி 8 முதல் 12 மணி நேரம் விட வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பத் தடவுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு பாட்டிக்கு உள்ளங்கை, முழங்கையெல்லாம் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. ஆனால் அரிப்பே இல்லை. சொரியாசிஸ் என்கிறார்கள்.

இது செதில் கட்டிய வகைச் சிரங்காக இருக்கலாம், இன்றே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரண சிரங்கில் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும், செதில் கட்டிய வகையில் லட்சக்கணக்கில் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அரிப்பு தெரியாமலே போகும். ஒரு இல்லம் முழுக்கப் பரவும்போது பல நேரம் ஆரம்பம் இப்படிப்பட்ட ஒருவரிடம்தான். தனி அறை, கையுறை, நீளக் கை மேலங்கி வேண்டும். கிரீமோடு ஐவர்மெக்டின் மாத்திரையும் பல தவணை தருவார்கள், அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தனி அறையில் இருக்கிறார் என்பதற்காகப் பாட்டியிடம் யாரும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் கேர் ஹோமில் வேலை செய்கிறேன். மெத்தையெல்லாம் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். மருந்து போடும் நாளிலேயே துணி, விரிப்பு, துண்டுகளை 60 டிகிரியில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நாலு நாள் ஒதுக்கி வையுங்கள். புகை போடத் தேவையில்லை. செதில் வகை இருந்தால் மட்டும் நாற்காலி, மெத்தை எல்லாம் வாக்குவம் போடுங்கள். அப்புறம், உங்களுக்கே அரித்தால் மேனேஜரிடம் உடனே சொல்லுங்கள்.

வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசலாமா?

இல்லம் முழுக்கப் பரவிய நேரத்தில் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இரண்டு முறையும் தடவி முடித்தாயிற்று. இன்னும் அரிக்கிறதே?

பூச்சி செத்தாலும் அரிப்பு இரண்டு முதல் நாலு வாரம் இருக்கும். அதற்காகத் தினமும் பெர்மெத்ரின் பூசினால் தோல் எரிந்து அரிப்புதான் கூடும். புதுத் தடமோ புதுக் கொப்புளமோ வந்தால், அல்லது ஆறு வாரம் ஆகியும் அரிப்பு நிற்காவிட்டால் மருத்துவரிடம் திரும்பக் காட்டுங்கள். போகும்போது யார் யாருக்கு எந்தத் தேதியில் தடவினீர்கள் என்ற பட்டியலைக் கையில் கொண்டுபோங்கள், விடுபட்டவர் யார் என்று அதில்தான் தெரியும்.