நண்பனைத் தேர்ந்தெடுக்கும் முடிவு ஏன் ஒட்டவில்லை?
உங்க கதையில நாயகி கடைசில காதலனை விட்டுட்டு நண்பனைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த முடிவைச் சரிசெய்யக் கிளைமாக்ஸ் வசனத்தைத் தொடாதீங்க. நாயகி 'வேற வழியில்லாம' நண்பனைக் கட்டிக்கிற மாதிரி இருக்குன்னு படிச்சவங்க சொன்னதுக்குக் காரணம் முதல் பாதியில இருக்கு: அவள் அவனை ஒரு தடவைகூட ஆசையா பார்க்கல.

அவன் மாத்திரை வாங்கிட்டு வர்றான், அழுதா ஆறுதல் சொல்றான், எதையும் மறுத்துப் பேசுறதே இல்ல. அப்படிப்பட்டவன் மேல நன்றிதான் வரும். உளவியலாளர் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் காதலை மூணு பக்கம் உள்ள முக்கோணமா விளக்கினார்; அதுல நெருக்கம், வேட்கை, உறுதி மூணும் தனித்தனி. இவன் மேல அவளுக்கு வேட்கை மட்டும் காலி.

காதலன் வர்ற காட்சிகளை எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க. அப்பவும் அவள் நண்பனைத் தேடிப் போறாளா? இல்லைன்னா, அவன் சட்டைக் கையை மடிக்கிறப்ப அவள் பேச்சு தடுமாறுற மாதிரி ஒரு காட்சி வைங்க.

அதுக்காகக் காதலனைக் கெட்டவனாக்கிடாதீங்க. அவனும் நல்லவனா இருந்தாத்தான் அவள் முடிவுக்குக் கனம்.